உள்ளங்கால் வெள்ளையாக இருக்கட்டும்

எனக்கு இந்த நோய் முதலில் ஒரு வாசனையாகத்தான் வந்தது.

எழுபதுகளின் தொடக்கம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போகும் தனியார் பஸ் ஒன்றில் நான் டிரைவர். அந்தக் காலத்து வண்டிகளில் எஞ்சின் டிரைவருக்கு இடப்பக்கம், வண்டிக்குள்ளேயே இருக்கும். மேலே ஒரு தகர மூடி, அதன்மேல் கித்தான். கூட்டம் அதிகமானால் ஒரு சாக்கை மடித்துப் போட்டு அங்கேயும் ஆளை உட்கார வைப்போம்.

அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர், செங்கல்பட்டில் மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு கடற்கரைக்குத் திரும்பிய ஒரு அம்மா. "அண்ணாத்த, இன்னாமோ கருகுற வாசன வர்து, பாரு" என்றார். மீன் கூடையைத் தாண்டி உங்களுக்கு வேறு வாசனையும் தெரிகிறதா என்று கேலி பேசிவிட்டு நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் நிறுத்தி இறங்கியபோதுதான் கண்டக்டர் என் காலைக் காட்டினார். காக்கிக் கால்சட்டை ஒரு பக்கம் தீய்ந்து தோலோடு ஒட்டியிருந்தது. மூடியின் மேலிருந்த கித்தான் எப்போதோ நழுவி விழுந்திருக்கிறது. வழியெல்லாம் என் இடது கால் கொதிக்கும் தகரத்தில் சாய்ந்தபடி வந்திருக்கிறது. எனக்கு எதுவும் தெரியவில்லை.

அன்று நான் பயப்படவே இல்லை. பெருமைப்பட்டேன். டிரைவர் கால் இரும்புக் கால் என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு மகாபலிபுரம் வரை வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வலி இல்லையென்றால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைக்கும் வயது அது. இதே நினைப்பில் இருக்கும் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

புண் ஆறவில்லை. ஊரிலிருந்த எல்லாக் களிம்பையும் போட்டுப் பார்த்தேன். கடைசியில் என் மனைவி தனத்தின் தொணதொணப்பு தாங்காமல் மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா புண்ணைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு என் வலது முழங்கையின் உட்புறத்தைத் தடவினார். அங்கே ஓடும் நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறது என்றார். சுண்டுவிரலும் மோதிர விரலும் லேசாக மடங்கியிருப்பதைக் காட்டி, எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து அப்படி ஆகிவிட்டது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணை மூடச் சொன்னார். திரித்த பஞ்சு நுனியால் உடம்பில் ஆங்காங்கே தொடுவேன், தொட்டதும் சொல்லுங்கள் என்றார். தோளில் தொட்டார், சொன்னேன். தொடையில் தொட்டார், சொன்னேன். பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன மேடம், நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டபடி கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் இடது உள்ளங்காலில் இருந்தது.

நோயின் பெயரை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். தொழுநோய். ஊரில் பெருவியாதி என்பார்கள். கிருமி நரம்பைத் தாக்குகிறது. நரம்பு செத்த இடத்தில் மரத்துப் போகிறது (சூடு, குளிர், வலி, தொடுகை எதுவும் தெரியாமல் போவது). விரல் தானாக அழுகி விழும் என்று ஊரில் சொல்வது பொய். வலி தெரியாததால் நாமே காயப்படுத்திக்கொள்கிறோம், காயத்தைக் கவனிக்காமல் விடுகிறோம், அதனால்தான் விரல் போகிறது. எனக்கு வந்தது பிறருக்குப் பரவக்கூடிய வகை இல்லை என்றும் சொன்னார். டாப்சோன் (அன்று இந்த நோய்க்கு வருடக்கணக்கில் தரப்பட்ட மாத்திரை) எழுதிக்கொடுத்தார். இன்று மருந்துகள் மாறிவிட்டன. சில மாதங்களில் குணமாகிவிடுகிறது. அன்று அப்படி இல்லை.

பரவாது என்பதைத் தனத்திடம் சொன்னேன். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவளுடைய அண்ணன் நம்பவில்லை. கருங்குழிப் பக்கம் அவர்களுக்கு நிலம். செய்தி எட்டியதும் வந்தார். என் வாசலில் நின்றபடியே பேசினார், உள்ளே வரவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் தணிந்த குரலில் சொன்னார்.

"கை காலு சரியாவட்டும் மாப்ள. நானே கொண்டாந்து வுடறேன்."

தனம் பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனாள். தெருமுனையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை, குழந்தையும் இல்லை. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் அதன்பின் அடுப்பு எரியவில்லை.

கம்பெனியில் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். செங்கல்பட்டை ஒட்டிய தொழுநோய் மருத்துவமனையில் சேர்ந்தேன். மச்சான் சொன்ன ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். கையும் காலும் சரியாக வேண்டும். சரியானால் தனம் வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரம். வராந்தாவின் கோடியில் வேப்பமரத்தடியில் ஒரு கேட். மதியச் சாப்பாடு முடிந்ததும் வார்டில் எல்லோரும் தலை வாரிக்கொள்வார்கள். யாரும் யாரையும் எதிர்பார்ப்பதாகச் சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் எல்லாக் கட்டில்களும் மெல்ல கேட்டைப் பார்த்துத் திரும்பிவிடும். பெரும்பாலோருக்கு யாரும் வரமாட்டார்கள். எனக்கும் வரவில்லை. மணி அடித்து கேட்டை மூடியதும் அந்த வார்டில் ஒரு அமைதி வரும். அதைப்போல ஒரு அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

பக்கத்துக் கட்டிலில் பாளையம். மகாபலிபுரத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைக் குப்பத்துக்காரன். என் வண்டியிலேயே பலமுறை வந்து போனவன். காலில் புண்ணுக்காக மாவுக்கட்டு போட்டுப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும், "இன்னா டிரைவரு, நீயும் இந்த ஸ்டாப்புலதான் எறங்குனியா?" என்றான். அன்று முழுக்க நான் பேசிய ஒரே ஆள் அவன்தான்.

முதலில் கை. மடங்கிய இரண்டு விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சை செய்தார்கள் (நன்றாக வேலை செய்யும் விரலின் நாணை எடுத்து, செயலிழந்த விரல்களை இயக்கும்படி மாற்றிக் கட்டுவது). என் நடுவிரலின் நாண் ஒன்று மற்ற விரல்களுக்குப் போனது. கட்டுப் பிரித்த பிறகுதான் உண்மையான கஷ்டம். சுண்டுவிரலை நிமிர்த்த வேண்டுமென்றால் நடுவிரலை மடக்குவதாக நினைக்க வேண்டும். மூளைக்கு இந்த மாற்றத்தை யாரும் சொல்லவில்லை. நான் ஒரு விரலைக் கூப்பிட்டால் இன்னொன்று வந்து நின்றது.

இந்தப் பாடத்தைச் சொல்லித்தர நார்வே நாட்டிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். இங்க்ரித் என்று பெயர். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அதனால் புத்தகம் போலவே பேசுவார். களிமண் பிசைந்தேன், ரப்பர் பந்தை அழுத்தினேன், எதிலும் மனம் ஒட்டவில்லை. ஒருநாள் அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சிவப்பும் வெள்ளையுமாக உல்லன் நூல் உருண்டைகள், இரு முனையும் கூரான மெல்லிய பின்னல் ஊசிகள்.

"நாங்கள் காலுறை பின்னப் போகிறோம்" என்றார். நாம் என்பதைத்தான் அவர் நாங்கள் என்றார்.

செங்கல்பட்டு வெயிலில் கம்பளிக் காலுறை. வார்டே சிரித்தது. பாளையம் தன் மாவுக்கட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தான். ஆனால் அந்த அம்மா கேட்கவில்லை. அவர்கள் ஊரில் இரண்டு நிறத்தில் பின்னும்போது ஒரு நிறத்தை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் பிடிப்பார்களாம். சிவப்பு ஓடும்போது வெள்ளை காத்திருக்கும்; வெள்ளை ஓடும்போது சிவப்பு காத்திருக்கும். காத்திருக்கும் இழை காலுறையின் உட்புறமாகப் போகும். என் வலது கை சும்மா இருந்துவிட முடியாது, இடது கை அதன் வேலையையும் எடுத்துச் செய்துவிட முடியாது. அதற்காகத்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்.

மரத்த சுண்டுவிரலில் நூல் இழுத்து அறுத்துவிடும் என்று ஒரு துணிப்பட்டையைச் சுற்றிவிட்டார். விரலைப் பார்த்துக்கொண்டே பின்ன வேண்டும் என்றார். பார்க்காவிட்டால் விரல் நின்றுவிடும்; பார்த்தால் வேலை செய்யும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கிளீனர்களும் இப்படித்தான் என்று நான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, ஆனால் சிரித்தார்.

வடிவத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து தந்தார். கறுப்புக் கட்டம் சிவப்பு, காலிக் கட்டம் வெள்ளை. சிவப்புத் தரையில் எட்டு இதழ் வெள்ளை நட்சத்திரம். அவர் நாட்டில் அதை ரோஜா என்பார்களாம். எனக்கு அது தனம் வாசலில் போடும் கோலமாகத் தெரிந்தது. புள்ளி வைத்து எட்டு இதழ் இழுத்து, ஒரு இதழ் கோணினாலும் அழித்துவிட்டு மறுபடி போடுவாள். காலைப் பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நான் கோலத்தைத் தாண்டிக் குதித்து ஓடுவேன், அவள் பின்னால் திட்டுவாள். கட்டத்தாளைப் பார்த்தபடி இதையெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேன். எண்ணிக்கை தவறும். பிரித்துவிட்டு மறுபடி பின்னுவேன்.

பாளையம் சிரிப்பதை நிறுத்திவிட்டு அருகில் வந்து பார்க்கத் தொடங்கினான். உல்லனிலும் கண்ணி, வலையிலும் கண்ணி என்பதில் அவனுக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. "வலைன்னா மீனு மாட்டும். இதுல இன்னா மாட்டும்?" என்று கேட்டான். என் பொண்டாட்டி என்று சொன்னேன். அதற்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை.

அதற்குள் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. கை தேறி வந்தது. காலில் இருந்த தீப்புண் ஆறிவிட்டது. உள்ளங்கால் மரத்துத்தான் இருந்தது. அது திரும்பி வராது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் புண் இல்லை. மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு கொடுத்திருந்தார்கள். பொங்கலை ஒட்டி ஒருநாள் வெளியே போய்வர அனுமதி கேட்டேன். கருங்குழிக்குப் போய், மச்சான் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, பாருங்கள், கையும் காலும் சரியாகிவிட்டன என்று காட்ட வேண்டும். என் கையால் பின்னிய காலுறையைப் போட்டுக்கொண்டு போனால், ஒரே நேரத்தில் இரண்டையும் காட்டியது போலாகும்.

இங்க்ரித் அம்மா ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "உள்ளங்கால் பகுதி வெள்ளையாக இருக்கட்டும். நட்சத்திரம் மேலே போதும்." ஏன் என்று நான் கேட்கவில்லை. கடல் தாண்டி வந்த சிவப்பு நூலைச் சிக்கனம் பிடிக்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கிறிஸ்துமஸுக்காக அவர் வேறு ஊருக்குப் போனார். வலது காலுறையை அவர் சொன்னபடியே முடித்திருந்தேன். இடது காலுறை மீதியிருந்தது. அதன் அடிப்பகுதி வந்தபோது எனக்கு மனம் கேட்கவில்லை. இந்த நோய்க்காரனுக்குப் புண் வருவதே உள்ளங்காலில்தான். மச்சான் பார்க்கப்போவதும் அந்த இடத்தைத்தான். அங்கேதான் நட்சத்திரம் இருக்க வேண்டும் என்று தோன்றியது. சிவப்பைக் கீழே இறக்கி, உள்ளங்காலின் முன்பக்கத்தில் எட்டு இதழையும் வரவழைத்தேன். அந்த வாரம் நான் யாரிடமும் எரிந்து விழவில்லை.

நட்சத்திரத்தைப் பின்னிக்கொண்டிருக்கும்போது நூல் உருண்டை தீர்ந்தது. புது நூலை இணைக்க இங்க்ரித் அம்மா ஒரு வழி காட்டியிருந்தார்: இரண்டு முனைகளையும் பிரித்து, எச்சிலால் நனைத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கம்பளி ஒன்றோடொன்று பிசைந்துகொள்ளும், முடிச்சே தெரியாது. பாளையத்துக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"எச்சில்ல ஒட்ன நூலு எம்மாந்நேரம் தாங்கும்? முடிச்சு போடு நைனா. எங்க வலை முடிச்சு போட்டா சுறா இஸ்தாலும் அவுராது."

அவனே சொல்லித்தந்தான். இரண்டு சுற்று, ஒரு இழுப்பு. சிறிய முடிச்சுதான், ஒரு மிளகு அளவு. அது காலுறையின் உட்புறம் போய் மறைந்தது. வெளியே நட்சத்திரம் பழுதில்லாமல் இருந்தது. அந்த முடிச்சு உண்மையிலேயே கடைசி வரை அவிழவில்லை.

பாளையத்தை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. காலில் உணர்வு உள்ளவர்களுக்கு அந்த முடிச்சு ஒரு பொருட்டே இல்லை. பத்தடி நடப்பதற்குள் உறுத்தும், கழற்றி உதறுவார்கள், கதை முடிந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் உள்ளங்கால் மரத்திருந்தது. உறுத்தும் என்ற நினைப்பே எங்கள் இரண்டு பேருக்கும் வரவில்லை.

தை பிறந்து சில நாள் கழித்துக் கிளம்பினேன். டாக்டர் காலைப் பார்த்து அனுப்பினார். சின்ன அடியாக வை, வெகுதூரம் நடக்காதே, நிற்கும் இடத்தில் எல்லாம் காலுறையைக் கழற்றிப் பார் என்றார். செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். எனக்குத் தெரிந்த டிரைவர். அவன் என்னைப் பார்த்தான், நானும் பார்த்தேன், அவன் கியரைப் போட்டான். பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. அதில் காலைத் தூக்கி வைத்துக் காலுறையைக் கழற்றிப் பார்க்க நிறைய இடம் இருந்தது. நான் பார்க்கவில்லை. அத்தனை பேர் நடுவில் அந்தக் காலை வெளியே எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கருங்குழியில் இறங்கி, வண்டிப்பாதையில் அவர்கள் ஊருக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் அறுப்புக்கு நின்ற நெல். சின்ன அடி என்பதெல்லாம் மறந்துபோனது. கால் வலித்தால் மனிதன் நின்றிருப்பான். எனக்கு வலிக்கவில்லை, அதனால் வேகமாக நடந்தேன்.

மச்சான் வீட்டில் இல்லை. எல்லோரும் மதுராந்தகத்தில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். தனம் மட்டும் இருந்தாள். வாசலில் காலையில் போட்ட கோலம் பாதி அழிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க" என்றாள். இளைத்திருந்தாள்.

நான் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மோர் கொண்டுவந்தாள். கையில் தரவில்லை, பெஞ்சின் கோடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். எனக்கு அது சுருக்கென்றது. காட்டிக்கொள்ளாமல் வலது கையால் டம்ளரை எடுத்தேன், ஐந்து விரலும் மடங்கிப் பிடித்தன. அவள் அதைப் பார்த்தாள். அண்ணனிடம் சொல், கை சரியாகிவிட்டது என்றேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இடது காலைத் தூக்கி வலது முழங்கால் மேல் போட்டு, உள்ளங்காலை அவளுக்குக் காட்டினேன். நானே பின்னியது, உன் கோலம்தான் இது என்றேன்.

தனம் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். கோலம் போடுகிறவர்கள் பார்க்கும் பார்வை அது. கண் ஒவ்வொரு இதழாகச் சுற்றி வந்தது.

"எட்டு இல்லியே. ஏழுதான் கீது. ஒரு எதழு வுட்டுட்டீங்களே."

விடவில்லை என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது. எண்ணி எண்ணிப் பின்னியிருக்கிறேன், எட்டாவது இதழை எனக்குத் தெரியாதா? காலைத் திருப்பி என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இருந்த இதழ் இல்லை. அந்த இடம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து இதழின் நுனியும் சிவக்கத் தொடங்கியது.

எனக்கு விளங்குவதற்கு முன் அவளுக்கு விளங்கிவிட்டது. தரையில் உட்கார்ந்தாள். என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு காலுறையை உருவினாள். அது சுலபமாக வரவில்லை. முடிச்சு சதைக்குள் போயிருந்தது. எட்டணாக் காசு அகலத்துக்குக் குழி. ஒரு கையால் குதிகாலைத் தாங்கிக்கொண்டு, முந்தானையை வைத்து மற்றக் கையால் அழுத்திப் பிடித்தாள்.

அவள் என்னைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வார்டில் படுத்துக்கொண்டு இந்த ஒன்றைத்தான் எத்தனையோ மாதிரி நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது அவளுடைய இரண்டு கையும் என் காலைப் பிடித்திருந்தன. கண்ணால் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பக்கத்தில் வேறு யாருடைய காலையோ அவள் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

நான் அழுதுவிட்டேன். "நோவுதா?" என்று கேட்டாள்.

"நீ தொட்டதே தெர்ல தனம்."

அவள் புண்ணின் மேல் ஒரு துணியைக் கட்டி முடிந்துவிட்டு, கணுக்காலில் கை வைத்தாள். "இங்க?" என்றாள். இல்லை என்றேன். ஆடுசதையில் வைத்தாள். இல்லை. தீப்புண் ஆறிய தழும்பில் வைத்தாள். இல்லை. இன்னும் மேலே வந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே அவள் கை பட்டபோது அதன் சூடு தெரிந்தது. உள்ளங்கை சொரசொரப்பாகி இருந்ததும் தெரிந்தது.

"இங்க" என்றேன்.

அவள் அந்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

அன்றே ஒரு மாட்டுவண்டி பிடித்து அவள்தான் என்னை ரோட்டுக்கு அனுப்பினாள். கூட வரவில்லை. மருத்துவமனையில் டாக்டர் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. புண் எலும்பைத் தொட்டுவிட்டது. எலும்பில் சீழ் வைத்தது. கட்டைவிரலை எடுத்தார்கள். அதன்பின் மாதக்கணக்கில் மாவுக்கட்டு. கிளட்சை மிதிக்கும் கால் அது. இனி வண்டி ஓட்டுவது நடக்காது என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்க்ரித் அம்மா திரும்பி வந்து காலுறையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெள்ளையில் என்றால் நீங்கள் உடனே பார்த்திருப்பீர்கள்" என்றார். பிறகு, காரணத்தைத் தான் சொல்லியிருக்க வேண்டும் என்றார். நானும் கேட்டிருக்க வேண்டும். பாளையம் அதற்குள் குணமாகி ஊருக்குப் போயிருந்தான். பக்கத்துக் கட்டிலில் பேசாத ஒருவர் வந்து படுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தலை வாரிக்கொள்வதை நிறுத்திவிட்டேன். எதிரே கேட் தெரிந்தது, அதனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அந்த மாதங்களைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. இதே இடத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

மாவுக்கட்டை வெட்டி எடுத்த வாரம். அது ஞாயிறுகூட இல்லை. காலையில் வராந்தாவில் தனம் நின்றாள், கையில் அன்று எடுத்துப்போன அதே பை. அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "சொல்ட்டுதான் வந்தேன்" என்றாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு அவள் அதன்பின் வெகுகாலம் போகவில்லை. எனக்கு விரல் போனதைத்தான் நான் கணக்கு வைத்திருந்தேன். அவளும் ஒன்றை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்பது மெதுவாகத்தான் உறைத்தது.

செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் ஒரு அறை எடுத்தோம். மருத்துவமனைக்காகக் காலுறை பின்னும் வேலை எனக்குக் கிடைத்தது. இப்போது பருத்தி நூல். மேலே நட்சத்திரம் போடுகிறேன், அது இல்லாமல் எனக்குப் பின்ன வராது. அடிப்பக்கம் வெள்ளை, ஒரு முடிச்சு கிடையாது. புதிதாக வருகிறவர்கள் அடியிலும் பூ கேட்பார்கள். ஏன் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செருப்பைப் போடும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள்; நன்றாக இருக்கும் கையை விடுங்கள். வெட்கப்படாமல் பஸ்ஸிலும் காலைத் தூக்கிப் பாருங்கள். பக்கத்து சீட் எப்படியும் காலியாகத்தான் இருக்கும்.

வண்டி ஓட்டிய நாளில் என் நேரம் ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு ஓடும். இப்போது அது மாலைக்கு மாலை போகிறது. நாள் முழுக்க என் காலுக்கு என்ன நடந்தது என்பது எனக்கு மாலையில்தான் தெரியும். அதுவரை அந்தக் கால் என்னோடு வருகிறது என்று நம்பிக்கொண்டு நடக்கிறேன். முழங்காலுக்குக் கீழே நான் வசிக்கவில்லை. யாருமில்லாத வீட்டுக்குப் போவது போல, அங்கே விளக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்ப்பது நானும் தனமும். பொழுது சாயும் முன் வெளிச்சத்தில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்துக்கொள்வாள். தடவிப் பார்த்துக்கொண்டே, கை எங்கே இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். சில நாள் நான் கண்ணை மூடிக்கொள்வேன். "இப்போ குதிகாலு" என்பாள். "இப்போ நடுப்பாதம். இது சுண்டுவெரலு." விரல் இல்லாத இடத்தையும் அவள் விட்டுவிட்டுப் போவதில்லை, அங்கேயும் கையை வைத்துச் சொல்வாள். கணுக்கால், ஆடுசதை, தழும்பு என்று குரல் மேலே வரும். நான் காத்திருப்பேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்ததும் அவள் சொல்வதை நிறுத்திவிடுவாள்.